பக்கத்து போர்ஷன் சார்

பள்ளி ஆய்வாளர் தேர்வின் முடிவு வந்த அன்று, ஆசிரியர் அறையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் காம்பஸ். அந்தப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர். மேல் வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவர். கருவி எதுவும் இல்லாமல் கரும்பலகையில் ஒரே வீச்சில் வட்டம் போடுவார் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. நாளாவட்டத்தில் ஆசிரியர்களும் தங்களுக்குள் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். அது தன் காதில் விழுவதில்லை என்று காட்டிக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர்.

முடிவைப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கணக்கில் ஒரு முதுகலை, கல்வியியலில் ஒரு முதுகலை, பாதி ஆயுளுக்கு வகுப்பறை அனுபவம். இவருக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்? வேதியியல் ஆசிரியர் காலையிலேயே கை குலுக்கியாயிற்று. காம்பஸ் கிளம்பினால் துணைத் தலைமையாசிரியர் அறை அடுத்து அவருக்குத்தான் என்பதால் அந்தக் கைகுலுக்கலில் கொஞ்சம் கூடுதல் அழுத்தமே இருந்தது.

பக்கம் திறந்தது. தேர்வானவர்களில் காம்பஸின் பெயர் இல்லை. மேலிருந்து கீழாகப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கீழிருந்து மேலாகப் பார்த்தார். அதற்கும் அடியில், காத்திருப்போர் என்ற தலைப்பின் கீழ், முதல் பெயராக அவர் இருந்தார்.

"காத்திருப்புல முதல் ஆளு சார் நீங்க. யாராவது ஒருத்தர் வரமாட்டேன்னுட்டா போதும்," என்றார் வேதியியல் ஆசிரியர். ஆறுதலாகச் சொல்லிவிட்டுத் திரையை நெருங்கிப் பார்த்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், மேல அஞ்சாவதா இருக்கறது உங்க வீட்டுல மேடம் பேரு இல்ல?"

அவருடைய மனைவியின் பெயர்தான்.

அவளும் தேர்வு எழுதியிருந்தது அவருக்குத் தெரியாததில்லை. ஒரு பொருட்டாக நினைக்கவில்லை, அவ்வளவுதான். மனைவி ஆரம்பத்தில் சில வருஷங்கள் மழலையர் வகுப்பு எடுத்தவள். பிறகு பேச்சுப் பயிற்சிக்குப் படித்துவிட்டு, பேச்சு வராத, காது சரியாகக் கேட்காத பிள்ளைகளுக்கான ஒரு கிளினிக்கில் பல வருஷம் இருந்தாள். இப்போது வேறொரு பள்ளியில், அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான தனி வகுப்பைப் பார்த்துக்கொள்கிறாள். விண்ணப்ப அறிவிப்பை அவர் வாய்விட்டுப் படித்தபோது, "கிளினிக் அனுபவத்தையும் தகுதியா எடுத்துக்கறாங்க போலிருக்கே," என்று அவள் சொன்னாள். "அப்ப நீயும் போடேன், எனக்குப் பேச்சுத் துணையா இருக்கும்," என்று சிரித்தவர் அவர்தான். தேர்வுக்கு இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். வழியெல்லாம் அவளுக்குக் கல்வி உளவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

வீட்டுக்குப் போனபோது சமையலறையில் குழாய் திறந்தபடி இருந்தது. மனைவி கையில் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு, கழுவாமல் நின்றிருந்தாள்.

"பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்தேன். வாழ்த்துகள்," என்றார். கூட வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்கிற அதே குரல். பிறகு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய், நன்றாக எரிந்துகொண்டிருந்த பால்கனி பல்பைக் கழற்றி வேறொன்றை மாட்டினார்.

கல்லூரியில் படிக்கும் மகள் பால்கனிக்கு வந்து, ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது போல நின்றாள். "அப்பா, சந்தோஷமா இருக்கற மாதிரி நடிக்கவாவது செய்யுங்களேன். அம்மா காலையிலேருந்து யாருக்குமே ஃபோன் பண்ணல."

"நான் என்ன சொன்னேன் இப்ப? வாழ்த்துகள்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்."

"ஆமா, கேட்டேன்," என்றாள் மகள்.

அடுத்து வந்த நாட்களில் அவருக்கு வேறு வேலையே ஓடவில்லை. தேர்வான மற்றவர்கள் யார் யார், என்ன படித்தவர்கள், இதற்கு முன் என்ன செய்தவர்கள் என்று துருவித் துருவி விசாரித்தார். சாப்பாட்டு மேஜையில் அதைச் செய்தி வாசிப்பது போல வாசித்தார். ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவரைப் போனால் போகிறதென்று விட்டுவிட்டார். ஒரு பெண் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை செய்துவந்த நர்ஸ். ஒருவர் கணக்குத் தணிக்கைத் துறையிலிருந்து வருகிறவர். இன்னொருவர் கால்பந்துப் பயிற்சியாளர்.

"ஃபுட்பால் கோச். அவரு வந்து கடைசி பெஞ்சுல உக்காந்து நான் அல்ஜீப்ரா எடுக்கறது சரியா தப்பான்னு சொல்லுவாராம். நாடு எங்க போயிட்டிருக்குன்னு பாரு."

"ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணைப் பார்ப்பாங்கப்பா," என்றாள் மகள். "நர்ஸ் கழிவறை, குடிதண்ணி பார்ப்பாங்க. கோச் மைதானத்தைப் பார்ப்பாரு."

"அப்ப பாடம்? அதை யாரு பார்க்கறது?"

தான்தான் என்ற பதிலை மனதில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி. ஐந்தாவது பெயரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெயருக்குரியவள் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எரிச்சலுக்குக் காரணம் தேடி அவர் அலைய வேண்டியிருக்கவில்லை. மனைவியின் ஃபோன் அடித்தால் எழுந்து பால்கனிக்குப் போனார். மாடிப்படியில் எதிர்ப்படும் எதிர் வீட்டுக்காரர், பத்து வருஷமாகத் தன் பையன் படிப்பைப் பற்றி இவரிடம்தான் யோசனை கேட்பார். இப்போது, "மேடம் எப்ப ஃப்ரீயா இருப்பாங்க சார்?" என்கிறார். அவள் கறுப்பு நிறத்தில் ஒரு புதுக் கைப்பை வாங்கிவந்தபோது, "அதுக்குள்ள பையா?" என்று கேட்டார். பழசு பிய்ந்துபோய் நாலு மாதம் ஆகிறது என்று அவள் சொல்லவில்லை. அவருக்கே தெரியும், போன வாரம் அதைத் தைத்துக் கொடுத்தது அவர்தான். பள்ளியிலும் அவர் கை இறுகியது. அரை மதிப்பெண் போட வேண்டிய இடத்தில் சுழி போட்டார். பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. வேதியியல் ஆசிரியருக்குப் புரிந்தது. அவர் பார்த்த பார்வையில் இருந்த இரக்கத்தை மட்டும் காம்பஸால் தாங்க முடியவில்லை.

இதில் அவரை உண்மையாகவே அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. தேர்வானவர்களில் ஒருவர் விலகினால் இடம் காத்திருப்பில் முதலாவதாக இருப்பவருக்கு வரும். தேர்வானவர்களில் ஒருத்தி அவர் வீட்டில், அவர் கட்டிலின் மறுபக்கம் தூங்குகிறாள். அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை அவளாகச் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தார். கேட்பதற்கு நாக்கு எழவில்லை. கேட்டால், அந்த இடம் அவளுடையது, அவள் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். மனைவிக்குத் தம்பி, இரண்டு தெரு தள்ளி மருந்துக் கடை வைத்திருக்கிறான். வீட்டில் காற்று சரியில்லை என்பது வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்துபோயிற்று. திரும்பிப் போகும்போது காம்பஸைத் தெருமுனை வரை கூட அழைத்துப் போனான்.

"மாமா, அக்கா விலகிக்கிட்டா அடுத்தது நீங்கதானே? நான் வேணா ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?"

"சேச்சே. அதெல்லாம் எதுக்குப்பா. அவ உழைச்சு எழுதினா, அவளுக்குக் கிடைச்சிருக்கு." தெருமுனை வந்ததும் நின்றார். "அவளுக்கா தோணினா அது வேற விஷயம்."

மச்சினனுக்கு அது போதும். மறுநாள் மாலை அவர் டியூஷன் வகுப்பில் இருந்த நேரம் பார்த்து வந்தான். அக்கா துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வருவதற்குள் இரண்டு சட்டை முடிந்துவிட்டது.

"அவர் கேக்கச் சொன்னாரா?" என்றாள்.

"இல்லக்கா. நானாத்தான் கேக்கறேன்."

"அப்ப அவரையே கேக்கச் சொல்லு," என்று மூன்றாவது சட்டையை எடுத்தாள். அதுவும் காம்பஸின் சட்டை. காலர் மடிப்பில் இஸ்திரிப் பெட்டியை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினாள் என்று மச்சினன் பிறகு காம்பஸிடம் சொன்னான். அது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

காம்பஸ் கேட்கவில்லை. வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தாலுகா அலுவலகத்துக்குப் போகிறேன் என்று பள்ளியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஆய்வுத் துறையின் அலுவலகத்துக்குப் போனார்.

இரண்டாவது மாடியில், பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஒரு பிரிவு அலுவலர் இருந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பெண்மணி. காம்பஸ் தன் கேள்வியை வழியில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். ஒரு பொதுவான சந்தேகம் என்றார். கிளினிக்கில் வேலை பார்த்த வருஷங்களைக் கற்பித்தல் அனுபவமாக எடுத்துக்கொள்வது எந்த விதியின்படி என்றார். எடுத்துக்காட்டாக, ஐந்தாவது பெயர் என்றார்.

அலுவலர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நீங்க யாரு சார்?"

"காத்திருப்போர்ல முதலாவது."

"அப்ப இது பொதுவான சந்தேகம் இல்லையே. உங்களுக்கு இதுல பாத்தியதை இருக்கு. நீங்க கேட்டதா நான் பதிஞ்சாகணும். அவங்களைக் கூப்பிட்டு மறுபடி சான்றிதழ் பார்க்கணும்." பேனாவைத் திறந்தார். "வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, ஒண்ணும் நடக்காத மாதிரி போயிட்டு வாங்க."

அவர் எழுந்து வந்திருக்கலாம். அந்தப் பெண்மணி கதவையே திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினார். ஆனால் காம்பஸ் தன் பெயரைச் சொன்னார். விண்ணப்ப எண்ணையும் சொன்னார்.

அலுவலர் கம்ப்யூட்டரில் இரண்டு விண்ணப்பங்களையும் எடுத்து வைத்துப் பார்த்தார். புருவம் மேலே போயிற்று. "ரெண்டு பேருக்கும் ஒரே முகவரியா இருக்கே. கதவு எண்கூட ஒண்ணுதான். பக்கத்து போர்ஷனா?"

காம்பஸ் பிளைவுட் தடுப்பைப் பார்த்தார். "ஆமா," என்றார்.

இரண்டு நாள் கழித்து மனைவியை வரச்சொல்லி அழைப்பு வந்தது. பட்டம், பயிற்சி, கிளினிக் சான்று எல்லாவற்றையும் புதுக் கைப்பையில் அடுக்கிக்கொண்டு போனாள். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. அவர் கேட்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். ஆனால் அப்போது அதற்குக் காரணம் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது, மனைவி கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் இருந்தாள். அவரைப் பார்த்ததும் மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பக்கத்து போர்ஷன் சார் வந்திருக்காரு. அவருக்கும் ஒரு டீ கொடும்மா," என்றாள் மகளிடம்.

செருப்பைக் கழற்றப் போனவர், ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றார். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ போடப் போகாமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் சந்தேகம்தான் கேட்டேன்," என்றார்.

"அவங்களும் அதைத்தான் சொன்னாங்க. யாரு கேட்டாங்கன்னு சம்பந்தப்பட்டவங்களுக்குச் சொல்லணுமாம், அதுவும் விதியாம். பேரைப் படிச்சாங்க. உங்க பக்கத்து போர்ஷன்காரர்தான், கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்கம்மான்னு வேற சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரிங்கன்னு சொன்னேன். என் வீட்டுக்காரர்தான்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவர் மற்றச் செருப்பையும் கழற்றிவிட்டு வந்து, எதிரில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சான்றிதழ் எல்லாம்..."

"கால் மணி நேரத்துல முடிஞ்சுது. எல்லாம் சரியா இருக்கு." அவள் கோப்பையை ஓரமாக நகர்த்தினாள். "இன்னொண்ணும் சொன்னாங்க. என்னை எடுத்தது உங்க பிரிவுல இல்ல. பேச்சு, கேட்பு குறையுள்ள பிள்ளைங்களைப் பார்க்கத் தெரிஞ்ச ஆளு வேணும்னு தனியா ஒரு இடம் வச்சிருந்தாங்களாம். நர்ஸுக்கு ஒண்ணு, கோச்சுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. உங்க பிரிவுல இருந்தது ஒரே இடம். அது அந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்குப் போயிடுச்சு. காத்திருப்பும் பிரிவுக்குப் பிரிவு தனிதானாம். நான் விலகியிருந்தாலும் அது உங்ககிட்ட வந்திருக்காது."

காம்பஸ் தரையைப் பார்த்தார். இத்தனை நாள் அவர் உள்ளுக்குள் நடத்திய சண்டை மொத்தமும், தனக்கு வரவே வராத ஓர் இடத்துக்காக நடந்திருக்கிறது. அந்த நினைப்பில் அவமானத்தோடு கூடவே ஒரு சின்ன ஆசையும் தலைகாட்டியது. அதை அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"வந்திருக்கும்னா? விலகியிருப்பியா?"

"மாட்டேன்."

"தம்பிகிட்ட, அவரே கேக்கட்டும்னு சொன்னியே."

"ஆமா, சொன்னேன். நீங்க கேட்டா, முடியாதுன்னு உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லலாம்னு இருந்தேன். அவன் மூலமா சொல்லியனுப்ப எனக்கு இஷ்டமில்ல." கோப்பையை எடுத்து ஆறிப்போன டீயை ஒரு மடக்குக் குடித்தாள். "எனக்கு இந்த வேலை வேணுங்க. எவ்வளவு வேணும்னு பரீட்சை எழுதற வரைக்கும் எனக்கே தெரியாது. எழுதி முடிச்சப்பதான் தெரிஞ்சுது. திரும்பி வரும்போது உங்ககிட்ட சொல்லலாம்னு பார்த்தேன். நீங்க வழி முழுக்க உங்க பேப்பரைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தீங்க."

அவர் மெதுவாக, "எனக்கு ரொம்பப் பொறாமையா இருந்துச்சு," என்றார்.

"தெரியும். பல்பு மாத்தின அன்னிக்கே தெரியும்."

"இப்பவும் இருக்கு."

"அதுவும் தெரியுது," என்று அவள் எழுந்து உள்ளே போனாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு வாரத்துக்குமேல் அவர் அந்த வீட்டில் பக்கத்து போர்ஷன் சாராகவே இருந்தார். பக்கத்து போர்ஷன் சாருக்குத் துண்டு எடுத்துக் கொடு. பக்கத்து போர்ஷன் சார் வண்டிச் சாவியைத் தேடறாரு. மகளுக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு சிரிப்பு வந்தது. ஒருநாள் அம்மாவுக்கே சொல்லும்போது சிரிப்பு வந்துவிட, அதை மறைக்க இருமினாள். அந்த இருமலைக் கேட்டுத்தான் காம்பஸ் அன்று இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

சேர வேண்டிய நாள் வந்தது. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள் மனைவி. அவர் ஸ்கூட்டரைத் துடைத்து வாசலில் நிறுத்தினார். அவள் ஏறிக்கொண்டாள். இந்த முறை வழியில் அவர் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தியபோது, கண்ணாடிச் சங்கிலி போட்ட அந்த அலுவலர் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரை, அதில் இருந்தவரை, பின்னால் இருந்து இறங்குகிறவளைப் பார்த்தார். காம்பஸுக்கு வண்டியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"பரவாயில்லையே," என்றார் அலுவலர் வறண்ட குரலில். "பக்கத்து போர்ஷன்காரர் கொண்டாந்து விடற அளவுக்குச் சமாதானம் ஆயிட்டீங்களா?"

மனைவி பேசுவதற்குள் காம்பஸ் வண்டியை விட்டு இறங்கினார். "மேடம், அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். நான் இவங்க வீட்டுக்காரர்."

அலுவலர் அவரைச் சற்று நேரம் பார்த்தார். "விண்ணப்பத்துல கணவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு சார். நீங்க படியிறங்கிப் போன அடுத்த நிமிஷம் பார்த்துட்டேன்," என்றார். மனைவியைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்மா, நீங்களா சொல்லுவீங்கன்னுதான் அன்னிக்குப் பக்கத்து போர்ஷன்னு சொல்லிப் பார்த்தேன். நீங்க சரிங்கன்னு போயிட்டீங்க. வாங்க, கையெழுத்துப் போட நேரமாச்சு. சொந்தக்காரங்க எந்தெந்தப் பள்ளியில இருக்காங்கன்னு முதல்ல எழுதித் தரணும். இவர் பள்ளிக்கு உங்களை அனுப்ப முடியாது."

"நல்லதாப் போச்சு," என்றாள் மனைவி. இருவரும் படியேறினார்கள்.

அந்த வருஷம் யாரும் விலகவில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் கம்பீரமாக வலம் வந்துகொண்டிருந்தார். காத்திருப்புக் காலமும் முடிந்துபோயிற்று. வேதியியல் ஆசிரியருக்குத்தான் அதில் காம்பஸைவிட வருத்தம்.

மனைவியின் முதல் ஆய்வு மூன்று நாள் நடந்தது. கடைசி நாள் அவள் வீட்டுக்கு வந்து, கால் இரண்டையும் மூங்கில் மோடாவின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். கழுத்தில் இருந்த அடையாள அட்டையைக் கழற்றக்கூட மறந்துவிட்டிருந்தாள். காம்பஸ் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அந்த அட்டையைப் பார்க்கும்போது அவருக்கு இன்னும் எங்கோ ஓரிடத்தில் சுருக்கென்றது. ஒரு தாளைத் திருத்தி முடித்து, இன்னொன்றை எடுத்து, அதைத் திறக்காமல் வைத்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"வெளிய சொல்லக் கூடாது. அறிக்கை வர்ற வரைக்கும்."

"பள்ளிக்கூடம் பேரு வேணாம். பிள்ளைங்க எப்படி?"

அவள் கண்ணைத் திறந்து, அவர் நிஜமாகத்தான் கேட்கிறாரா என்று பார்த்தாள். "ரெண்டாங் கிளாஸ்ல ஒரு பொண்ணு. எல்லாரும் அதைத் திமிரு பிடிச்சதுன்னு நினைச்சிட்டு இருந்தாங்க. கூப்பிட்டா திரும்பாது. நான் அதுக்கு இடது பக்கமாப் போய் உக்காந்து பேசினேன். உடனே திரும்பிச்சு. வலது காது கேக்கல அதுக்கு."

"டீச்சருக்குத் தெரியாதா?"

"தெரியல. அந்த டீச்சர் அழுதுட்டாங்க. நல்ல டீச்சர்ங்க, நாப்பது பிள்ளைங்க வேற." அவள் மோடாவிலிருந்து ஒரு காலை இறக்கினாள். "ஃபுட்பால் கோச்தான் எனக்கு முதல்ல வந்து சொன்னாரு. மைதானத்துல விசில் ஊதினா இந்தப் பொண்ணு மட்டும் தப்பான பக்கம் ஓடுதுன்னு."

காம்பஸ் அந்தக் கோச்சைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு விடைத்தாள் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்புறம் என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார்.